ஒரு ஸ்கிரிப்ட் போட்டாப் போதுமே!

"நம்மகிட்ட மொத்தம் எத்தனை டேட்டாபேஸ் இருக்கு, எந்தெந்த மெஷின்ல இருக்கு?" என்று யாராவது கேட்டால் எந்த டி.பி.ஏ.வுக்கும் வயிற்றைக் கலக்கும். லைசென்ஸ் ஆடிட் வரப்போகிறது என்று அர்த்தம். ஆரக்கிள் மாதிரியான சாஃப்ட்வேருக்கு பிராசசர் கோர் கணக்கில் காசு. என்றைக்கோ யாரோ சோதித்துப் பார்க்கப் போட்டுவிட்டு மறந்த ஒன்று ஆடிட்டர் கண்ணில் பட்டால் அதற்கும் பில் வரும். எங்கள் மேனேஜரிடம் இதற்கு ஒரே மருந்துதான்: "ஒரு ஸ்கிரிப்ட் போட்டாப் போதுமேப்பா." இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் ஸ்கிரிப்ட் எழுதி நான் பார்த்ததில்லை.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு ஸ்கிரிப்டை விட்டுப் போயிருந்தார். ஒரே வரி. லினக்ஸில் ஓடுகிற ஒவ்வொரு ஆரக்கிள் டேட்டாபேஸுக்கும் பின்னணியில் 'பிமான்' என்றொரு பிராசஸ் இருக்கும். ஆகவே பி.எஸ். கமாண்டால் எல்லா பிராசஸையும் வரிசையாக வரவைத்து, அதில் பிமான் என்று இருப்பதை மட்டும் கிரெப்பை விட்டுப் பொறுக்கி, எத்தனை வரி என்று எண்ணிவிட வேண்டியது. யோசனை நியாயமானதுதான். ஆனால் அவர் தயாரித்த எக்செல்லைத் திறந்தால், இருக்கிற எல்லா சர்வரிலும் குறைந்தது ஓர் ஆரக்கிள். பிரிண்ட் சர்வரில் ஒன்று. கேன்டீன் டோக்கன் அச்சடிக்கும் டப்பாவில்கூட ஒன்று.

விஷயம் இதுதான். 'பிமானைத் தேடு' என்று கிளம்புகிற கிரெப்பும் ஒரு பிராசஸ். அதன் வரியிலும் பிமான் என்ற சொல் இருக்கிறது. ஆகவே அது தன்னையே கண்டுபிடித்து, 'ஒன்று கிடைத்தது' என்று சந்தோஷமாகச் சொல்லிவிடுகிறது. தேடுகிறவன் தன்னையே கண்டுகொள்வதற்காகத் திருவண்ணாமலையில் வருஷக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். கிரெப்புக்கு அரை விநாடி போதும். தேடும் சொல்லின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிட்டால் இந்த ஆத்ம தரிசனம் நின்றுவிடும்.

திருத்திய கணக்கைக் கொண்டுபோனேன். மேனேஜர் முகம் வாடிவிட்டது. "போன தடவை மேலே அனுப்பினதுல நிறைய இருந்துச்சே. இப்பக் குறைஞ்சா என்னய்யா பதில் சொல்றது?"

அதுவும் ஓடுகிறவற்றின் கணக்குதான். நிறுத்தி வைத்திருப்பதை எப்படிப் பிடிப்பது? அதற்காக ஆரக்கிள் ஓராடேப் என்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறது. லினக்ஸில் இடிசி ஃபோல்டரில் இருக்கும். சோலாரிஸில் வேறு இடம். டேட்டாபேஸின் பெயர், சாஃப்ட்வேர் குடியிருக்கும் ஃபோல்டர், மெஷின் எழும்போது இதையும் எழுப்பலாமா என்பதற்கு ஒய் அல்லது என், அவ்வளவுதான் ஒரு வரியில். படிக்க அருமையான ஃபைல். நம்பத்தான் முடியாது. செத்துப்போன பாட்டியின் பெயர் ரேஷன் கார்டில் வருஷக்கணக்காக இருப்பதுபோல, அழித்துவிட்ட டேட்டாபேஸ்கள் எல்லாம் இதில் நிம்மதியாக இருக்கும். ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரைத் தேடிப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது.

இதைவிட இன்வென்ட்டரி எக்ஸ்எம்எல் என்கிற ஃபைல் கொஞ்சம் யோக்கியம். முறைப்படி நீக்கிய சாஃப்ட்வேரின் வரியை அது அழிக்காது. பக்கத்தில் 'ரிமூவ்டு' என்று குறித்து வைத்துக்கொள்ளும். முறைப்படி நீக்கினால்தான் அதுவும். நம் ஆட்கள் ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு டீ குடிக்கப் போகிற ரகம்.

விண்டோஸ் பக்கம் எல்லாம் ரெஜிஸ்ட்ரிதான். எஸ்க்யூஎல் சர்வர் 2005 காலத்தில் ஃபோல்டர்களுக்கு எம்எஸ்எஸ்க்யூஎல்.1, எம்எஸ்எஸ்க்யூஎல்.2 என்று வந்த வரிசையில் நம்பர் போட்டார்கள். எது எதுவென்று ரெஜிஸ்ட்ரியைக் கேட்டால்தான் தெரியும். பிறகு வெர்ஷன் நம்பரையும் இன்ஸ்டன்ஸ் பெயரையும் சேர்த்து எழுத ஆரம்பித்தார்கள். 13 என்றால் 2016, 15 என்றால் 2019. இது புரிந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்காரும்போது 10_50 என்று ஒன்று வரும். அது 2008 ஆர்2.

அப்படி ஒரு 10_50 எங்கள் ஸ்கிரிப்டில் சிக்கியது, எச்.ஆர். மேடத்தின் மேஜைக்கு அடியில் இருந்த பழைய டெஸ்க்டாப்பில். மேலே ஒரு பூந்தொட்டி, பக்கத்தில் சாப்பாட்டுக் கூடை. மைக்ரோசாஃப்ட் 2019-லேயே சப்போர்ட்டை நிறுத்திவிட்ட வெர்ஷன். "ஐயோ, அதைத் தொடாதீங்க சார்! கைரேகை மெஷின் மாட்ட வந்த பையன் போட்டுட்டுப் போனது. தொட்டா எல்லாருக்கும் ஆப்சென்ட் விழுந்துரும்." இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு, ஆடிட்டரால் பயமில்லை. ஆனால் அதில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. எட்டும் நாளில் எல்லாருக்கும் ஆப்சென்ட் விழத்தான் போகிறது. மேடத்திடம் அப்போது சொல்லவில்லை.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் நல்ல பிள்ளைகள். உள்ளே போய்க் கேட்டால் டேட்டா எந்த ஃபோல்டரில் என்று மறைக்காமல் சொல்லும். உள்ளே போக பாஸ்வேர்டு வேண்டும். அது வேலையை விட்டுப் போனவரிடம் இருக்கும்.

எஸ்க்யூலைட்டையும் தேடச் சொன்னார் மேனேஜர். தேடினால் எந்த பிரவுசரைத் தட்டினாலும் வருகிறது, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டுமே ஹிஸ்டரியை அதில்தான் வைத்திருக்கின்றன. "உங்க ஃபோன்லயே நிறைய இருக்கு சார்" என்றதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதுக்கு லைசென்ஸ்?" பப்ளிக் டொமைன், காசே கிடையாது என்றேன். "அப்ப விட்டுடு."

இத்தனை சாட்சிகளில் நான் நம்புவது ஒருவரைத்தான்: லினக்ஸில் பிராக் ஃபோல்டருக்குள், அந்த பிராசஸ் நம்பரின் கீழே இருக்கும் எக்ஸி என்கிற இணைப்பு. இந்த பிராசஸ் எந்த ஃபைலிலிருந்து கிளம்பியது என்று கெர்னலே சொல்லும் வாக்குமூலம் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது அந்த ஃபைலை அழித்திருந்தால், பாதைக்குப் பக்கத்தில் 'டெலீட்டட்' என்றும் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அடுத்தவர் யூசரில் ஓடுவதைப் பார்க்க ரூட் அனுமதி வேண்டும், அதற்கு டிக்கெட் போட வேண்டும், டிக்கெட்டில் காரணம் எழுத வேண்டும். 'ஒரு ஸ்கிரிப்ட் போட்டால் போதும் என்றார்கள்' என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள்.

டேட்டாபேஸை அழிக்கிற புண்ணியவான்களே, ஓராடேபில் அந்த ஒரு வரியையும் சேர்த்து அழித்துவிட்டுப் போங்கள். ஒரு நிமிஷ வேலை.