அக்கு நாலு பெட்டி, ஆணி ஒரு டின்

"எல்லாம் இருக்கு சார். மாட்ட வேண்டியதுதான்."

கும்பகோணத்துக்கு அருகே ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். தமிழில் நான் கேட்ட வாக்கியங்களிலேயே எனக்கு அதிகச் செலவு வைத்தது இதுதான். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதான்" என்பதற்கு இரண்டாவது இடம்.

அவர் சொன்னது 1971 மாடல் புல்லட் ஒன்றைப் பற்றி. இன்ஜினில் ஏதோ சின்னச் சத்தம் என்று அவருடைய அப்பா வண்டியைக் கழற்ற ஆரம்பித்திருக்கிறார். சத்தத்தைக் கண்டுபிடிப்பதற்குள் காலமாகிவிட்டார். சேஸிஸ் சுவரில் சாய்ந்திருந்தது. அதன்மேல் வறட்டி காய்ந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் மூன்று அட்டைப்பெட்டி, ஒரு காஷ்மீர் ஆப்பிள் பெட்டி, ஒரு எண்ணெய் டின் ஆகியவற்றுள் இருந்தது. அக்குவேறு ஆணிவேறாக என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அக்கு நாலு பெட்டி. ஆணி ஒரு டின்.

மினி வேனில் ஏற்றி அம்பத்தூருக்குக் கொண்டுவந்தேன். வண்டி வருகிறது என்று சொல்லியிருந்ததால் வீட்டம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். நான் முதல் பெட்டியை இறக்கினேன். இரண்டாவதை இறக்கினேன். எண்ணெய் டின்னை இறக்கியபோது தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, இது வண்டியா, வண்டியோட அஸ்தியா?"

"எல்லாம் இருக்கு. மாட்ட வேண்டியதுதான்" என்றேன். அந்த வாக்கியம் தொற்றுநோய்.

வராந்தாவில் பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டினேன். கிக்கர் மூன்று இருந்தது. ஃபுட்ரெஸ்ட் இரண்டு, இரண்டும் இடது கால். ஹெட்லைட் வளையம் நாலு, ஹெட்லைட் இல்லை. தையல் மெஷின் பாபின் ஒன்று, பம்புசெட்டின் ஃபுட்வால்வு ஒன்று, ஒரு குக்கர் வெயிட். எங்கள் வீட்டுக் குக்கருக்கு ஆறு மாதமாக வெயிட் இல்லாமல் இருந்தது. வீட்டம்மா எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்தாள். கச்சிதம். நாலு பெட்டியிலும் ஒரு டின்னிலும் முதல் முயற்சியிலேயே பொருந்திய ஒரே உதிரிபாகம் அதுதான்.

என் கண்ணுக்கு அழகாகப்பட்டது ஒரு சிலிண்டர். கறுத்துப்போய்க் கிடந்தாலும் கனமாக இருந்தது. இரண்டு மாதம் ஞாயிறுதோறும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பெருமாள் கோயில் குத்துவிளக்கு மாதிரி ஆக்கினேன். ஒரே குறை, உள்சுவரில் பெரிய பெரிய ஓட்டைகள். யாரோ பாவி வண்டியை இப்படி ஓட்டையாகும்வரை ஓட்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே லேத்துக்கு எடுத்துப் போய், "இந்த ஓட்டையெல்லாம் வெல்டிங் வெச்சு அடைக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். லேத்காரர் சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு மெக்கானிக் பாயின் பெயரைச் சொல்லி, "எதுக்கும் அவர்கிட்ட ஒருதரம் காட்டிடுங்க" என்றார். டாக்டர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதும்போது வருமே, அந்தக் குரல்.

பாய்க்கு எழுபது வயது இருக்கும். சிலிண்டரைக் கையில் வாங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சொன்னார்:

"சார், இது டூ ஸ்ட்ரோக். இந்த ஓட்டை வழியாத்தான் அது மூச்சு விடும். இதை அடைச்சா மூக்கைப் பொத்தின மாதிரி. இது புல்லட் இல்ல சார், ராஜ்தூத்து."

மறுநாள் வீட்டுக்கே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து "புல்லட், ராஜ்தூத், புல்லட், ராஜ்தூத், ராஜ்தூத், தெரியல" என்று மூன்றாகப் பிரித்தார். சாயங்காலம் பார்த்தால் அப்பாக்காரர் கழற்றியது ஒரு வண்டி இல்லை, இரண்டு. புல்லட்டின் சத்தத்தைத் தேடித் தோற்றவர் ஆறுதலுக்கு ராஜ்தூத்தையும் கழற்றியிருக்கிறார். எனக்கு அவர்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

புல்லட் என்ன சாதாரண வண்டியா? இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. ராணுவத்துக்கு வேண்டும் என்று நம் அரசாங்கம் கேட்க, 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ஆரம்பத்தில் அங்கும் என் வீட்டு வராந்தா கதைதான்: பெட்டி பெட்டியாக இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வரும், இங்கே பூட்டுவார்கள். ஒரு வித்தியாசம், அவர்களுக்கு வந்த பெட்டிகளில் ராஜ்தூத் கலக்கவில்லை. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். தாய்வீடு போனபிறகும் பிள்ளை திருவொற்றியூரிலேயே வளர்ந்தது, 'டப் டப்' என்று பேசிக்கொண்டு. பெட்ரோல் டேங்கின் தங்கக் கோட்டை அங்கே பிரஷ் பிடித்துக் கையாலேயே இழுப்பார்கள். நானும் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். டேங்கில் பல்லி ஓடிய மாதிரி வந்தது.

சரி, டின்னுக்கு வருகிறேன். டின் நிறைய நட்டு, போல்ட்டு. இவற்றுக்கும் ஸ்பானர் வேண்டும் இல்லையா? என்னிடம் ஒரு நல்ல செட் இருந்தது. அதில் 13-ஆம் நம்பர் உள்ளே நுழையவில்லை. 14 போட்டால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கடைக்குப் போய்ப் பதின்மூன்றரை இருக்கிறதா என்று கேட்டேன். பையன் சிரித்தான். பாய்தான் விளக்கினார். அது விட்வொர்த் என்ற வெள்ளைக்காரர் 1841-இல் வகுத்த அளவாம். அந்த ஸ்பானரில் 'கால் அங்குலம்' என்று பொறித்திருக்கும், ஆனால் வாய் அரை அங்குலத்துக்கும் மேலே திறந்திருக்கும். ஏனென்றால் அந்த எண் நட்டின் அகலம் இல்லை, உள்ளே போகிற போல்ட்டின் பருமன். மாப்பிள்ளையின் சட்டை அளவைக் கேட்டால் மாமனாரின் செருப்பு அளவைச் சொல்வது போன்ற ஏற்பாடு. ஒரு சாம்ராஜ்யம் இதை வைத்துக்கொண்டு நூறு வருஷம் ஓட்டியிருக்கிறது என்றால் நாம் வாதாட முடியாது.

அதோடு போயிற்றா? புல்லட்டின் பல போல்ட்டுகளில் இருப்பது சைக்கிள் மரை, அங்குலத்துக்கு 26 சுற்று. சிலவற்றில் விட்வொர்த் மரை. இடையில் யாரோ ஹார்டுவேர் கடையில் வாங்கிச் சொருகியது மில்லிமீட்டர் மரை. ஒரே டின்னில் மூன்று கோத்திரம். மனிதர்களில் ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கக் கூடாது என்பார்கள். நட்டுகளில் ஒரே கோத்திரத்தில் மட்டும்தான் எடுக்க வேண்டும். மீறி எடுத்தால் முதல் இரண்டு சுற்று சுமுகமாகப் போகும், மூன்றாவது சுற்றில் இறுகும், நான்காவதில் மரை கழன்றுவிடும். இந்த டின்னோடு நான் கழித்த மூன்று மாதத்தில் தெருவில் என்னைப் பற்றியும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

இன்ஜினின் கிராங்க்கேஸ் இரண்டு பாதியாக வரும். தொழிற்சாலையில் ஜோடியாகவே வைத்துத் துளையிடுவார்கள். பாய் இரண்டையும் சேர்த்து வைத்து விளிம்பைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஜோடி இல்ல சார். இது வேற வீட்டுப் பொண்ணு." நல்லவேளை, ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண் ஒரு பாதியில் இருந்தது. அதற்குத் துணையை ஜாதகத்தோடு தேடி அலைந்தது தனிக்கதை. ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்ற அலைந்ததோ தொடர்கதை. இங்கே வேண்டாம்.

அப்புறம் புதுப்பேட்டை. பழைய வண்டிகள் முக்தியடையும் இடம். ஒரு தெருவில் கதவுகளாகத் தொங்கும், அடுத்த தெருவில் கியர்பாக்ஸ்களாகக் குவிந்திருக்கும். வேண்டியதை வாயால் சொன்னால் வேலைக்கு ஆகாது, மாதிரியைக் காட்ட வேண்டும். நான் மாதிரி எடுத்துப் போகாமல் கையால் காற்றில் படம் வரைந்து ஒரு கடையில் கேட்டேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க காட்டுறது ஆட்டோவோட சைலன்சர்" என்றார். கடைசியில் சிலிண்டர் ஒன்று கிடைத்தது, அசல் புல்லட், உள்சுவரில் ஓட்டை இல்லாதது. நாலு தடவை விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

உள்சுவர் தேய்ந்திருந்ததால் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்றார் பாய். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் போர் போடுவது. ராத்திரி போனில், "சரி பாய், போர் போட்டுடலாம், எவ்வளவு ஆனாலும் பரவால்ல" என்று பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. மத்தியானம் வடை. தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் போர் கிடையாது, லாரித் தண்ணீர்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். "எந்தப் பக்கம் தோண்டப் போறாங்க?" என்று அவள் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பிறகு ஒரு வாரம் சர்க்கரை இல்லாத காபி.

அந்த ஒரு வாரத்தில் போய் நான் ஃப்ரீசரில் பேரிங் வைத்திருக்கக் கூடாது. ஆனால் வேறு வழியில்லை. அலுமினியம் சூட்டில் எஃகைவிட அதிகமாக விரியும். கிராங்க்கேஸைச் சூடாக்கி, பேரிங்கைக் குளிரவைத்தால், சுத்தியலே இல்லாமல் 'தொபுக்' என்று உட்கார்ந்துவிடும். அறிவியல் சரிதான். கிராங்க்கேஸைச் சூடாக்க நான் எடுத்தது இட்லிக் குண்டான் என்பதும், பேரிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் துருவிய தேங்காய் இருந்தது என்பதும் அறிவியலுக்கு அப்பாற்பட்டவை. பேரிங் தொபுக்கென்று உட்கார்ந்தது. நான் இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிட்டேன்.

கிராங்க் ஷாஃப்டின் நுனியில் ஆயில் பம்புகளை ஓட்ட வார்ம் நட்டு என்று ஒன்று உண்டு. பழையது கழலவே இல்லை. மூன்று நாள் போராடினேன். ஸ்பானரில் குழாயைச் சொருகித் தொங்கினேன். நான்காம் நாள் பாய் வந்து, ஒரு விரலால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சார், இது இடது மரை. மூணு நாளா டைட் பண்ணிட்டிருக்கீங்க" என்றார். அதைக் கழற்ற அவருக்கு இன்னொரு நாள் ஆயிற்று. என் உழைப்பின் தரம் அப்படி.

பதினான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி வண்டி மாதிரி நின்றது. புல்லட்டை உதைப்பதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். கிக்கர் கனத்து நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும்வரை பிஸ்டனை ஒரு இம்மி தள்ள வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே நிதானமான உதை. நான் சாஸ்திரப்படிதான் செய்தேன். ஆனால் இக்னிஷன் டைமிங்கை முந்த வைத்திருந்தேன். நான் உதைத்தேன், அது திருப்பி உதைத்தது. ஒரு வாரம் நொண்டினேன். பார்க்கில் ஒரு பெரியவர் எனக்கு வாதநாராயணன் கீரை சிபாரிசு செய்தார்.

அடுத்த ஞாயிறு பாய் டைமிங்கைச் சரிசெய்து, "இப்ப உதைங்க" என்றுவிட்டு, நாலு அடி தள்ளிப் போய் நின்றார். மூன்றாவது உதையில் கிளம்பியது. வராந்தா ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, புகை பாதி. மேல்வீட்டு மாமா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி லாரி வந்துடுத்தா?" என்றார். மாமி குடத்தோடு இறங்கியே வந்துவிட்டாள்.

முதல் சவாரியில் தெருமுனை வரை போனேன். இந்த மாடலில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நாய் குறுக்கே வந்தது. நாற்பது வருஷப் பழக்கத்தில் வலது காலை அழுத்தினேன். வண்டி நிற்பதற்குப் பதில் அடுத்த கியருக்குப் போயிற்று. நாய்க்கு அனுபவம் போதும், விலகிவிட்டது. திரும்பி வந்து நிறுத்திய இடத்தில் தரையில் ஆயில் சொட்டியிருந்தது. கேஸ்கெட்டை நான் கோணலாக வைத்ததுதான் காரணம். கீழே ஒரு தட்டு வைத்தாள் வீட்டம்மா. அன்று திண்ணையில் வைத்தாளே, அதே ஆரத்தித் தட்டு.

இப்போது வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். புல்லட்டுக்குப் போனது போக ஒன்றே முக்கால் பெட்டி மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் ராஜ்தூத். பளபளவென்று தேய்த்த சிலிண்டர் ஒன்று, கிக்கர் இரண்டு, இடது ஃபுட்ரெஸ்ட் ஒன்று, பாய் 'தெரியல' என்று ஒதுக்கியவை சுமார் இரண்டு கிலோ. காசு வேண்டாம். வண்டி வாடகைகூட நானே தந்துவிடுகிறேன். கிளறிப் பார்த்து வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகக் கூடாது, பெட்டியோடுதான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். தயவுசெய்து "எல்லாம் இருக்கா சார்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.