உள்ளே யார் இருக்கிறார் தெரியுமா?

புத்த ஜாதகக் கதைகளில் 151-வது கதை ஒரு டிராஃபிக் ஜாம் பற்றியது. காசி ராஜா பிரம்மதத்தனுக்குத் தன் குறையை யாராவது முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்களா என்று ஏக்கம். அரண்மனையில் விசாரித்தார், ஊருக்குள் விசாரித்தார். எல்லோரும் புகழ்ந்தே தள்ளினார்கள். சரி, நாட்டுப்புறத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று மாறுவேடத்தில் ரதமேறிக் கிளம்பினார். கோசல ராஜா மல்லிகனும் அதே ஏக்கத்தோடு, அதேபோல மாறுவேடத்தில் எதிரே வந்துகொண்டிருந்தார். இரு பக்கமும் மேடு, நடுவில் பள்ளமாக ஓடும் பாதை. ஒரு ரதம்தான் போகலாம். தங்கள் குறையைத் தேடிப் புறப்பட்ட இருவரும் மூக்கோடு மூக்கு முட்ட நின்றார்கள்.

"ரதத்தை ஓரங்கட்டு" என்றான் கோசலத்துச் சாரதி.

"நீ ஓரங்கட்டு. உள்ளே யார் இருக்கிறார் தெரியுமா? காசி மகாராஜா!"

"இந்த ரதத்தில் மட்டும் யாராம்? கோசல மகாராஜா!"

மாறுவேடம் போன இடம் தெரியவில்லை.

காசிச் சாரதி கொஞ்சம் யோசிக்கிறவன். வயதில் சின்னவர் விலகட்டும் என்று பார்த்தான். இருவருக்கும் ஒரே வயது. ராஜ்ஜியப் பரப்பைக் கேட்டான். ஆளுக்கு 300 யோசனை தூரம். படை, பணம், குலம், கோத்திரம் எல்லாம் சரிசமம். ஜாதகக் கதை என்பதால் பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டது போலிருக்கிறது. கடைசியில் குணத்துக்கு வந்தார்கள். "எங்க ராஜா நல்லவனுக்கு நல்லவர், கெட்டவனுக்குக் கெட்டவர்" என்று நம் சினிமா ஹீரோ மாதிரி ஆரம்பித்தான் கோசலத்துச் சாரதி. "எங்க ராஜா கெட்டவனையும் நல்லதனத்தாலேயே ஜெயிப்பவர்" என்றான் மற்றவன். அதைக் கேட்டதும் மல்லிகன் இறங்கி, குதிரைகளை அவிழ்த்து, ரதத்தை நகர்த்தி வழி விட்டாராம்.

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கதையில் கடைசி வரி தவிர மற்றதெல்லாம் நம்பும்படியாகவே இருக்கிறது.

மகாபாரதத்தில் இதே தகராறு இன்னும் யதார்த்தமாக முடிகிறது. வேட்டையாடிவிட்டுத் திரும்பும் கல்மாஷபாதன் என்ற ராஜாவும் வசிஷ்டரின் மகன் சக்தியும் ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்தார்கள். தர்மப்படி அந்தணனுக்குத்தான் ராஜா வழிவிட வேண்டும் என்று சக்தி சட்டம் பேசினார். ராஜா சட்டம் பேசவில்லை, சாட்டையை எடுத்து விளாசினார். மனிதர்களைத் தின்னும் ராட்சசனாகப் போ என்று சக்தி சாபம் கொடுத்தார். சாபம் பலித்தது. ராட்சசன் முதலில் விழுங்கியது சாபம் கொடுத்தவரைத்தான். பிறகு அவருடைய தம்பிமார் அத்தனை பேரையும். இந்தச் சக்தியின் பேரன்தான் வியாசர். ஆக, பாரதக் கதையில் இது சொந்த வீட்டு வழக்கு. இருவரில் ஒருவர் நாலடி பின்னால் போயிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

வழித்தகராறில் வழியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கவனித்துப் பாருங்கள். முதல் கேள்வி, "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" இது குடும்ப நலன் விசாரிப்பு. அடுத்தது, "ரோடு என்ன உங்கப்பன் வூட்டு சொத்தா?" இது பத்திரப்பதிவு சம்பந்தப்பட்டது. "எவன்டா உனக்கு லைசென்ஸ் குடுத்தது?" என்பது ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டிய மனு. இந்த மூன்றுக்கும் பதில் வராத நிலையில்தான் நான்காவது வரும். "நான் யாரு தெரியுமா?"

இதற்கும் பதில் வராது என்று தெரிந்த முன்ஜாக்கிரதைக்காரர்கள் பதிலை ஏற்கெனவே வண்டியில் ஒட்டிவைத்திருப்பார்கள். பிரஸ், வக்கீல், போலீஸ், டாக்டர், ஏதோ ஒரு சங்கத்தின் மாவட்டத் துணைச் செயலாளர். சாரதி வாயால் சொன்னதை இப்போது ஸ்டிக்கர் சொல்கிறது. 2024-இல் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் நம்பர் பிளேட்டில் இப்படி ஒட்டிக்கொண்டு திரிபவர்களுக்கு அபராதம் போட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் சாலையில் யார் யார் என்றே தெரியாமல் ஜனங்கள் தவித்துப் போனார்கள்.

யார் முதலில் போவது என்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத சந்திப்பில், பிரதான சாலையில் வருகிறவருக்கு வழிவிட வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் வலது பக்கமிருந்து வருகிறவருக்கு விட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருந்தது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தையே திருத்தினார்கள். இதையெல்லாம் நம்மவர்கள் லைசென்ஸ் எடுக்கும் தினத்தன்று மாலை வரை ஞாபகம் வைத்திருப்பார்கள். அதன் பிறகு நடைமுறையில் இருப்பது உருவச் சட்டம். ஆட்டோவுக்கு பைக் ஒதுங்கும், காருக்கு ஆட்டோ ஒதுங்கும் (ஆட்டோக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்), பஸ்ஸுக்குக் கார் ஒதுங்கும், தண்ணி லாரிக்கு எல்லோரும் ஒதுங்குவோம். தண்ணி லாரி மாட்டுக்கு ஒதுங்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விதியை எல்லோரும் வாய் பேசாமல் மதிக்கிறார்கள். மலைப்பாதை. இரண்டு வண்டி போக இடமில்லாத ஏற்றத்தில், மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். பாரத்தோடு ஏறிக்கொண்டிருப்பவன் பாதியில் நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. வண்டி பின்னால் உருளவும் உருளும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கீழிறங்கும் டிரைவர் தூரத்திலேயே ஏறிவரும் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி நிற்பார். பஸ் டிரைவர் கையை அரை அங்குலம் தூக்குவார், அவ்வளவுதான் மரியாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நான் யார் என்று பள்ளத்துக்கு எப்படிப் புரியவைப்பது?

எங்கள் தெருவில் பள்ளம் இல்லாததுதான் கோளாறு. (சாலையில் இருப்பவை கணக்கில் சேராது.) இரு புறமும் கார்களை நிறுத்தியது போக நடுவில் ஒரு வண்டிக்குத்தான் இடம். காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு இரண்டு கார் எதிரெதிரே வரும். முதலில் ஹாரன். பிறகு ஹெட்லைட்டை இரண்டு முறை சிமிட்டுவார்கள். லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் ஊரில் அப்படிச் சிமிட்டினால் பெரும்பாலும் "நீங்க போங்க" என்று எடுத்துக்கொள்வார்களாம். இங்கே வந்தவன் அதை நம்பி வண்டியை நகர்த்தி, தமிழில் அதுவரை கேட்டிராத சிலவற்றைக் கேட்டுவிட்டு வந்தான்.

சிமிட்டியும் பயனில்லை என்றால் இன்ஜினை நிறுத்துவார்கள். அதுதான் போர்ப் பிரகடனம். 'கர்ரக்' என்று ஹேண்ட்பிரேக் இழுக்கும் சத்தம் என் பால்கனிவரை கேட்கும். கண்ணாடி இரண்டு அங்குலம் மட்டும் இறங்கும். ஏசி வெளியே போகக் கூடாது, வசவு போக வேண்டும். பக்கத்து சீட்டில் இருக்கும் அம்மணி, "விடுங்களேன், நாமதான் கொஞ்சம் பின்னாடி போவோமே" என்பார். அதோடு சமரசத்துக்கு இருந்த கடைசி வாய்ப்பும் போயிற்று. மனைவி சொல்லி ரிவர்ஸ் எடுத்தான் என்ற பேர் யாருக்கு வேண்டும்? அதற்குள் இரு பக்கமும் ஸ்கூட்டர்கள் இடுக்கில் புகுந்து, நினைத்தாலும் பின்வாங்க முடியாதபடி அடைத்துக்கொள்ளும்.

அப்போதுதான் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வருவார். யார் பக்கம் நியாயம் என்று அவர் கேட்டதே இல்லை. ஸ்கூட்டர்களை விரட்டுவார். ஒரு காரின் கண்ணாடியருகே குனிந்து ஏதோ சொல்வார். என்ன மாயமோ, ஹேண்ட்பிரேக் இறங்கும். "வா வா வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... மிர்ரர மடக்கு சார்... வா வா... ஹோல்டான்!" டிக்கியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. எதிர்க்கார் மயிரிழையில் கடந்து போகும். இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் சம்பிரதாயமும் முடியும்.

சட்டை வாங்கப் போனபோது, காதில் அப்படி என்னதான் ஓதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். 'எதிர்ல இருக்கறவருக்கு ரிவர்ஸ் வராது போல, கை உதறுது. நீங்க நல்லா ஓட்டுறவரு, நீங்களே எடுத்துடுங்க'ன்னு சொல்லுவேன். ஒடனே எடுத்துருவாங்க."

"ரெண்டு பேர்ல யார் நல்லா ஓட்டுறவர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காலரைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். "அது தெரியாது. பின்னாடி பம்பர் நசுங்காத வண்டியாப் பாத்துச் சொல்லுவேன்."