சட்டம் தொடாத வள்ளல்

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135 சொல்கிறது: ஆண்டுக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கிற நிறுவனம், மூன்றாண்டு சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவரைத் தேடி ரசீது புத்தகமே வந்துவிடும்.

ஆடிக்குக் கூழ் ஊற்றும் குழு, சதுர்த்திக்குப் பிள்ளையார் கமிட்டி, பொங்கலுக்குக் கபடிப் போட்டி, பள்ளி ஆண்டு விழாவுக்குப் பரிசு டம்ளர். "எதிர்க்கடையில ஆயிரம் குடுத்தாங்க அண்ணாச்சி" என்பார்கள்; எதிர்க்கடையில் இவர் பெயரைச் சொல்லியிருப்பார்கள். பெரிய நிறுவனம் மரக்கன்று நட்டால் கன்றைவிட உயரமாகப் பலகை நிற்கும். அண்ணாச்சிக்குக் கிடைப்பது நோட்டீஸின் அடியில் எழுத்துப்பிழையோடு ஒரு வரி. அவரும் லேசுப்பட்டவர் அல்ல. கோயிலுக்குக் கொடுத்த டியூப்லைட்டில் 'உபயம்' தொடங்கி கைப்பேசி எண் வரை எழுதிவிட்டார்; மிச்சமிருக்கும் இடத்தில் வெளிச்சம் வருகிறது.

நன்கொடைக்கு அண்ணாச்சி, மாதச் சாமானுக்கு ஆன்லைன் தள்ளுபடி என்றிருக்கும் கமிட்டிக்காரர்களே, அடுத்த முறை ரசீது புத்தகத்தையும் அந்த ஆன்லைன்காரரிடமே நீட்டிப் பாருங்கள்.