காஹாங் சைக்கிளும் காலக்கணக்கும்: ஒரு நுண்ணாய்வு

வேலைக்கு சைக்கிளில் போனால் நேரம் மிச்சமா, நட்டமா என்பது பக்கத்தில் போகிறவர் எதில் போகிறார் என்பதைப் பொறுத்தது. ஜொகூர், குளுவாங் மாவட்டத்துக் காஹாங்கில், லயத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செம்பனைக் காட்டுக்கு நடந்தால் 36 நிமிடம். மணிக்கு 15 கி.மீ. வீதம் மிதித்தால் 12 நிமிடம். லாபம் 24 நிமிடம். மோட்டார் சைக்கிள்காரர் ஐந்தே நிமிடத்தில் கடந்து போகையில் அதே லாபம் நட்டமாகிறது. குளுவாங் டவுனுக்கே மிதித்துப் போகிறவரைப் பற்றி ஆய்வு தேவையில்லை. ஏறத்தாழ 40 கி.மீ. கடந்தபின் விடுப்புக் கடிதம் எழுதத்தான் தெம்பிருக்கும்.

இக்கணக்கில் தோட்டப் பாதை சேரவில்லை. மழைக்கு மறுநாள் செம்மண் டயரோடு சுழன்று ஏறி, மட்கார்டுக்குள் புகுந்து, பிரேக் கட்டையைச் சுற்றி அப்பிக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. இறங்கி, குச்சி ஒடித்துச் சுரண்டி, பத்தடி தள்ளினால் மறுபடி அடைக்கும். கடைசியில் சைக்கிளைத் தோளில் சுமப்பவரும் உண்டு. அந்நிலையில் யாருக்கு யார் வாகனம் என்பதைத் தத்துவத் துறைக்கு விட்டுவிடலாம்.

பஞ்சர் தனி இயல். அதற்குப் போர் வரலாற்றிலேயே முன்னுதாரணம் உண்டு. 1941 டிசம்பர் 8 அன்று தாய்லாந்திலும் கோத்தா பாருவிலும் கரையிறங்கிய ஜப்பானியர், சைக்கிள் படைகளையும் முன்னே விட்டு, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்தனர். மொத்தம் 70 நாள். டயர் போனால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். இருட்டில் அந்தச் சத்தத்தை எதிரணியினர் டாங்கி என்றே நினைத்தார்களாம். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர் இந்த முன்னுதாரணத்தைக் காட்டினால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏற்கமாட்டார்.

மோட்டார் சைக்கிளின் ஐந்து நிமிடமும் ஐயத்துக்குரியதே. ஓட்டுவது முதல் செலவுக்காக உழைப்பது வரை சேர்த்தால், அமெரிக்கர் ஒருவர் காருக்காக ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவழித்து 7,500 மைல் போகிறார், அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு என்று 1970களில் சிந்தனையாளர் இவான் இல்லிச் கணக்குப் போட்டார். தவணையும் பெட்ரோலும் சேர்ந்தால் காஹாங்கிலும் அந்த ஐந்து நிமிடம் நீளும். தவணை முடிந்தவர்களிடம் இந்த வாதம் செல்லுபடியாவதில்லை.

எஞ்சியது இருட்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதால், இங்கே சூரியன் எழ ஏழு மணியாகிறது. பெரட்டு அதுவரை காத்திருக்காது. டைனமோவை டயரில் சாய்த்தால் வெளிச்சம் வரும், உரசலில் வேகம் குறையும். சாய்க்காவிட்டால் வேகம் கூடும். கால்வாயில் விழுந்து எழும் நேரம் தனிக் கணக்கு.