சம்பளம் கேக்காத காவக்காரன்

வாங்க தம்பி. பேய் பாக்கறதுக்குன்னே பெங்களூர்ல இருந்து காரை எடுத்துக்கிட்டு வந்திருக்கறதாக் கேள்விப்பட்டேன். சந்தோசமுங்க. எங்க காலத்துல பேய்தான் ஆளைத் தேடி வரும். இப்ப ஆளு ஆபீசுக்கு லீவு சொல்லி, லாட்ஜுல ரூம் போட்டு, கேமராவுக்குச் சார்ஜ் ஏத்திக்கிட்டு அதைத் தேடி வர்றாரு. இத்தனை மரியாதையை அதுவே எதிர்பாத்திருக்காதுங்க.

வந்தவரை வெறுங்கையோட அனுப்பறது சேலம் நாமக்கல் சீமையில வழக்கமில்லை. எங்கெங்க போகலாம்னு சொல்றேன். அதுக்கு முந்தி, ராத்திரியில எதைப் பாத்து ஓடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கோங்க. நாமக்கல் மேட்டுக்காட்டுல வெடியறதுக்கு முந்தி, ஆள் நடமாட்டமே இல்லாத எடத்துல நீட்டுக்கு வரிசையா வெளிச்சம் தெரியும். கொள்ளிவாய்ப் பிசாசுன்னு வீடியோ எடுத்துப் போட்டுறாதீங்க. அது கோழிப்பண்ணை. முட்டைக் கோழிக்கு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேணும். சூரியன் குடுக்கறது பத்தாதுன்னு பல்பு போட்டு விடறாங்க. சேலத்துச் சந்துல கொலுசுச் சத்தம் கேட்டா மோகினி இல்லீங்க, உள்ள வெள்ளிப் பட்டறை நடக்குதுன்னு அர்த்தம். திருச்செங்கோட்டுப் பக்கம் பூமிக்குள்ள இருந்து ராவெல்லாம் ஊளைச் சத்தம் வந்தா, ரிக் வண்டி போர் போட்டுட்டு இருக்குது. ஆயிரம் அடி போயும் புழுதிதான் வருதுன்னு பக்கத்துல தலையில கை வச்சு உக்காந்திருப்பாரு தோட்டக்காரரு. அவர் மூஞ்சியைப் பாருங்க. பேயறைஞ்ச மூஞ்சி எப்படி இருக்கும்னு அங்க தெரியும்.

இப்ப ஒரு தொழில் ரகசியம். இந்தச் சீமையில எங்கெல்லாம் காவக்காரன் தேவைப்பட்டானோ, அங்கெல்லாம் பெரியவங்க ஒரு பேயை வேலைக்கு வச்சாங்க. கைப்பிடிச் சுவர் இல்லாத கெணறா, அதுல ஒரு முனி. புளி உலுப்பற மரமா, அதுல ஒரு பொம்பளைப் பேய். ஏரி மதகா, அங்க ஒரு காத்து கருப்பு. சம்பளம் கேக்காது, தீவாளிக்குப் போனசு கேக்காது, ராத்திரி டூட்டியில தூங்காது. எங்க அப்பாரு தோட்டத்துக் கெணத்துலயும் ஒரு முனி இருந்துச்சு. உச்சிப்பொழுதுல எட்டிப் பாத்தா இழுத்துக்கும்னு சொல்லித்தான் எங்களை வளத்தாங்க. கமலை போயி மோட்டார் வந்து, மோட்டார் ரூமுக்குப் பூட்டும் கெணத்தைச் சுத்திக் கம்பி வேலியும் போட்டாங்க. அதோட முனி வேலையை விட்டுப் போயிடுச்சு. எங்க போச்சுன்னு யாரும் விசாரிக்கலை.

அதனால எங்க போனாலும், "இங்க பேய் இருக்குதா?"ன்னு கேக்காதீங்க தம்பி. "இங்க எதைக் காக்கறதுக்குப் பேய் வச்சாங்க?"ன்னு கேளுங்க. ஊர்ப் பெரியவங்க மொறைச்சுப் பாத்தா சரியான எடத்துலதான் கேட்டிருக்கீங்க.

மொதல்ல சங்ககிரி போங்க. துர்க்கம்னுதான் எங்க பக்கம் சொல்றது. பாதையில நின்னு அண்ணாந்து பாத்தா மலையும் மதிலும் எது எங்க முடியுதுன்னே தெரியாது. ஒரு பக்கம்தான் ஏற முடியும், மத்தப் பக்கமெல்லாம் வழுக்குப் பாறை. வாசலுக்கு மேல வாசலா ஏறிப் போனா மேல பெருமாள் கோயில் இருக்குது, மசூதி இருக்குது, தானியம் கொட்டி வச்ச கட்டடம் இருக்குது, இருட்டு அறைகளும் இருக்குது. கொங்கு நாட்டு வரிப்பணமும் தவசமும் ஒரு காலத்துல வந்து சேர்ந்த எடமுங்க அது. மைசூர்க்காரங்க கையில இருந்துச்சு, பொறகு கம்பெனிக்காரன் கைக்குப் போச்சு. யார் வந்தாலும் சுவத்தை ஒசத்தினாங்க, வரியையும் ஒசத்தினாங்க.

அங்க போனா உங்களை மாதிரி வர்றவங்க, ராத்திரியில குதிரைக் குளம்புச் சத்தம் கேக்குதாமேன்னு ஆரம்பிப்பாங்க. குதிரை எதுக்குங்க? நடந்ததுக்கே தேதி இருக்குது. 1805, ஜூலை 31. தீரன் சின்னமலையைத் தூக்குல போட்டது அந்தக் கோட்டையிலதான். அதுக்கு முந்தி 1801-ல காவேரிக் கரையில, 1802-ல ஓடாநிலையில, 1804-ல அரச்சலூர்லன்னு கம்பெனிப் படையை வரிசையா விரட்டின ஆளு. சண்டையில புடிக்க முடியலை. சோறாக்கிப் போட்டவனே காட்டிக்குடுத்தான்னு ஊர்ல சொல்றாங்க. பேயா தம்பி காட்டிக்குடுத்துச்சு? இன்னைக்கும் ஆடிப் பதினெட்டு வந்தா மாலை போடறதுக்குக் கட்சிக்காரங்க கார் அடிவாரம் முழுக்க நிக்கும். அன்னைக்குப் போனா கூட்டம்தான் பாக்கலாம். வேற நாள்ல, வெடியால ஆறு மணிக்கே ஏறிருங்க. ரெண்டு பாட்டில் தண்ணி கொண்டு போங்க. செண்ட் அடிச்சுக்கிட்டுப் போகாதீங்க, பாறை எடுக்குல மலைத்தேனி கூடு கட்டியிருக்கும். அது துரத்தினா படி எண்ணறதுக்கெல்லாம் நேரம் இருக்காதுங்க. பொழுதோட எறங்கிருங்க. தொல்லியல் காவலர் உங்களைப் புடிச்சு வெளிய விட்டா, அதைப் பேய் தள்ளி விட்டுச்சுன்னு எழுதுவீங்க.

இதே நெனப்புல சேலம் மத்திய சிறையையும் சொல்லிடறேன். 1950 பிப்ரவரி 11, உள்ள இருந்த கம்யூனிஸ்டுக் கைதிங்க மேல துப்பாக்கிச் சூடு. செத்தது 22 பேரு. அந்த எடத்தைப் பத்தி ஒருத்தரும் பேய்க்கதை சொல்லி நான் கேட்டதில்லைங்க. புளியமரத்துக்கு ஒரு பேய் வச்ச ஊரு, இருவத்திரண்டு பேரு செத்த எடத்துக்கு ஒண்ணுகூட வைக்கலை.

சரி, மூஞ்சி சுருங்கிப் போச்சு உங்களுக்கு. வாங்க, சேலம் டவுனுக்குள்ளயே உங்களுக்குப் புடிச்ச மாதிரி ஒரு எடம் இருக்குது. கோட்டை ரோட்டுப் பக்கம், பெரியேரி, தலைவெட்டி முனியப்பன். பேரைக் கேட்டதும் கேமரா தானா வெளிய வருது பாருங்க! எங்க பக்கம் முனியப்பன்னா முண்டாசு, முறுக்கு மீசை, கையில அருவா, உருட்டு முழி. ஆடும் கோழியும் கேக்கற சாமி. இங்கயோ சிலை கால் மடிச்சு உக்காந்திருக்குது. ரெண்டு கையும் மடியில. சுருட்டை முடி, தோளைத் தொடற மாதிரி நீண்ட காது. தலை ஒரு காலத்துல துண்டாகி, அதை யாரோ புண்ணியவான் சிமெண்டு வச்சு ஒட்டியிருக்காரு. ஒட்டினது சரியா ஒக்காரலை. கழுத்துல அந்தப் பூச்சு நல்லாத் தெரியும்.

அப்படி உக்காந்திருக்கறவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுதில்ல? ஊர்லயும் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும் வேண்டுதல் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அது யாரு சிலைன்னு வந்த வழக்கு பத்து வருசத்துக்கு மேல இழுத்து, தொல்லியல் துறை ஆளுங்க வந்து அளந்து பாத்து, 2022 ஜூலையில சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிருச்சு, அது புத்தர் சிலைன்னு. எடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கணும், புத்தர்னு போர்டு வைக்கணும், சனங்க வந்து பாக்கலாம், பூசை பண்ணக்கூடாது. ஈ எறும்புக்குக்கூட எரக்கப்படச் சொன்ன மனுசனை, கண்ணை உருட்டற முனின்னு நெனைச்சுக் கும்பிட்டுப் பயந்துக்கிட்டிருந்தோமுங்க. அவரும் ஒரு வார்த்தை பேசலை. எங்க ஊர்ல யாருக்கு இத்தனை பொறுமை இருக்குதுங்க?

இதைச் சிரிப்புக்குச் சொன்னாலும், எனக்கு ஒரு நெனப்பு உண்டு. அந்தப் பயம் இல்லைன்னா அந்தச் சிலை இன்னைக்கு இருந்திருக்குமான்னு. சாமி கண்ணைக் குத்தும்னு பயந்ததாலதான் கல்லை ஒடைச்சு அஸ்திவாரத்துக்குப் போடாம விட்டிருக்காங்க. முனியப்பன் வேசத்துல புத்தரைக் காவ காத்ததும் அந்தப் பயம்தான். ஆத்தூருக்குப் பக்கம் தியாகனூர்லயும் பெரிய புத்தர் சிலை ரெண்டு இருக்குது. அங்க வேசம் எதுவும் போடாம, புத்தரைப் புத்தராவே வச்சுக் கும்பிடறாங்க. அங்கயும் போயிட்டு வாங்க. ஆனா பயம் கிடைக்காது. வயக்காட்டுக் காத்துதான் கிடைக்கும்.

மலை வேணும்னா கொல்லிமலை. காரவள்ளியில இருந்து எழுவது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டிருக்காங்க, வாந்தி எடுத்தது எத்தனாவது வளைவுலன்னு ஊருக்குப் போயி சரியாச் சொல்லலாம். அங்கதான் கொல்லிப்பாவை. ரெண்டாயிரம் வருசமா இந்தக் கதை ஓடுதுங்க. சங்கப் பாட்டுலயே வர்றா. சிரிச்சு மயக்கி, கிட்ட வந்தவனைக் கொன்னுடுவா. மலையைக் காக்கறதுக்கு வச்ச பாவைன்னும் சொல்லுவாங்க. நான் சொன்ன கணக்கு சரியா வருதா? வல்வில் ஓரி ஆண்ட மலை. பலாவும் தேனும் மொளகும் வெளையற காடு. கீழ இருக்கறவன் கண்ணு படாம இருக்குமா? வேலி போட முடியாத மலைக்கு ஒரு சிரிப்பு போதும்னு முடிவு பண்ணியிருக்கான் யாரோ ஒரு கெட்டிக்காரன். எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவைன்னு மலைச்சனங்க கும்பிடறாங்க. போனா கும்பிட்டுட்டு வாங்க, செல்பி கேக்காதீங்க. சிரிச்சுட்டா பொறகு நான் பொறுப்பில்லை. அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல படி எறங்கணும். எறங்கும்போது எல்லாரும் ஓரிதான். ஏறும்போதுதான் பாவை யாரையெல்லாம் கொன்னிருப்பான்னு புரியும்.

திருச்செங்கோட்டுல அறுபதாம்படி இருக்குது, அதுல நின்னு பொய்ச் சத்தியம் பண்ணினா குடும்பம் தாங்காதுன்னு நம்பிக்கை. பேய்வீடு பாத்தேன்னு கதை விடற உங்க கூட்டாளிங்களை அங்க கூட்டிட்டுப் போயி நிறுத்திப் பாருங்க. பாதிப் பேரு அம்பத்தொம்பதுலயே திரும்பிருவாங்க.

தொப்பூர்க் கணவாயைப் பத்தி நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்க வந்த வழிதான். ராத்திரியில வெள்ளைச் சீலைக்காரி குறுக்க வர்றா, அதான் இத்தனை விபத்துன்னு டீக்கடையில சொல்லியிருப்பாங்க. எங்க ஊரு லாரி ஊருங்க தம்பி, பாதி வீட்டுல டிரைவரு. அவங்க விவரத்தைக் கேளுங்க. தருமபுரிப் பக்கமிருந்து எறங்கும்போது நீளச் சரிவு. டீசல் மிச்சம் புடிக்கறதுக்கு நியூட்ரல்ல விடறது, பாரம் தள்ளறது, பிரேக்கை அமுத்திக்கிட்டே வர்றது, சூடேறி பிரேக் புடிக்காமப் போறது, முன்னாடி நிக்கற வண்டி மேல ஏறறது. சீலைக்காரி இதுல எங்கயும் வரலை. இருந்தாலும் வண்டி முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டறதை நான் தப்புன்னு சொல்லமாட்டேன். கட்டிட்டு ரெண்டாவது கியர்ல எறங்குங்கன்னுதான் சொல்லுவேன்.

கடைசியா, நான் கண்ணை மூடிக்கிட்டுப் போகச் சொல்ற எடம் ஒண்ணே ஒண்ணு. அங்க பேய்க்கதையே கிடையாது. மேட்டூர் அணை 1934-ல தொறந்தாங்க. 120 அடித் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணிக்கடியில ஊருங்க இருந்துச்சுங்க. வீடு, களம், கோயில், தேவாலயம் எல்லாம் அப்படியே விட்டுட்டு சனங்க மூட்டை கட்டிக்கிட்டு மேட்டுக்கு வந்தாங்க. மழை பொய்ச்சு தண்ணி வத்தற வருசம், கொளத்தூருக்கு அந்தாண்ட பண்ணவாடியில போயி நின்னா, மொதல்ல தேவாலயத்துக் கோபுரம் தண்ணியை விட்டுத் தலை தூக்கும். இன்னும் வத்தினா ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி. சேறு காஞ்சு வெடிச்சுக் கிடக்கற தரையில நடந்தே நந்திகிட்டப் போயிரலாம். அதுமேல அடுக்கடுக்காப் படிஞ்ச வண்டல் கோடு தெரியும். தொட்டுப் பாத்தா மாவா உதிரும். வெளியூர்ல இருந்து குடும்பம் குடும்பமா வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. அதுல சில கெழவங்க மட்டும் நந்தியைப் பாக்கமாட்டாங்க, அந்தாண்ட வெறும் சேத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. என்னன்னு கேட்டா, அங்கதான் எங்க அப்பாரு காடுன்னு கையைக் காட்டுவாங்க.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. நெறைய மழை பேஞ்ச வருசம் போனா கோபுரமும் இருக்காது, நந்தியும் இருக்காது, கடல் மாதிரி தண்ணிதான். எங்க காவேரிக்காரங்க தண்ணி வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கும்போது நீங்க வத்தணும்னு வேண்டிக்கிட்டு நின்னா, அங்க உங்களை அடிக்கப் பேய் தேவையில்லை. டெல்டாக்காரரு ஒருத்தரு பக்கத்துல நின்னாப் போதும்.

தண்ணி இருந்தா பண்ணவாடித் துறையில இருந்து எதுத்தாப்ல நாகமரைக்குப் பரிசல் போகும். ஏறிக்கோங்க. நடுவுல போகும்போது, கீழ இப்ப எந்த ஊரு இருக்குதுன்னு பரிசக்காரரைக் கேளுங்க, விவரமா சொல்லுவாரு. ஆனா கூலியை மட்டும் கரையிலயே பேசி முடிச்சுட்டு ஏறுங்க தம்பி.