கடலை மிட்டாய்க்கு அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்: தமிழ்நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களின் நுழைவாயில் சோதனைப் பிரிவு.

பொருள்: கோவில்பட்டித் தாத்தா ஒருவர் பேத்தியுடன் வருகை தருதல், உடைமைகள் தொடர்பாக.

பேத்தியைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போவது கரிசல் காட்டில் சித்திரை மாதத்து வேலை. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த உளுந்தும் மக்காச்சோளமும் தை, மாசியில் வீடு வந்து சேரும். பருத்தி எடுப்பும் பங்குனியோடு ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அந்த நாட்களில் தாத்தாவுக்குக் காட்டில் வேலை இல்லை, பேத்திக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே மாநிலத்திலேயே வெயில் உச்சியைப் பிளக்கும் மாதம்தான் குடும்பம் முழுவதற்கும் வசதியான மாதமாக அமைகிறது. இதில் நிர்வாகத்தின் குற்றம் எதுவும் இல்லை.

இடத்தைத் தேர்வு செய்வது அடுத்த கட்டம். கிட்டத்தில் இருப்பது மதுரையைத் தாண்டி, திண்டுக்கல் சாலையில் பரவையில் உள்ள அதிசயம் பூங்கா. நான்குவழிச் சாலையில் மதுரை வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். ஆனால் 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து இந்த யோசனை எடுபடுவதில்லை. தாத்தாவுக்குத் தெரிந்த சென்னைக் கேளிக்கை, வி.ஜி.பி. பூங்கா வாசலில் யார் சிரிப்புக் காட்டினாலும் அசையாமல் நிற்கும் சிலை மனிதர். அசையாமல் நிற்பதைக் காசு கொடுத்துப் பார்த்த தலைமுறை, தலைகீழாகத் தொங்குவதற்குக் காசு கொடுக்கும் தலைமுறையை ரயிலேற்றி அழைத்துப் போகிறது.

டிக்கெட் எடுக்கும்போதுதான் பேத்தி எத்தனை பேர் என்ற கேள்வி எழுகிறது. அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். தாத்தாவோடு ஒண்டிக்கொண்டு வந்தால் பாதி. பூங்கா வாசலில் வயதைக் கேட்பாரில்லை, டேப்பை எடுத்து உயரம் அளக்கிறார்கள். ஆக ஏழு வயதுப் பேத்தி பேருந்தில் அரை ஆள், படுக்கையில் முழு ஆள், பூங்காவில் இத்தனை சென்டிமீட்டர். தாத்தாவின் கணக்கு இன்னும் சுருக்கம். அறுபது முடிந்த ஆண்களுக்கு 40 சதவீதம், ஐம்பத்தெட்டு முடிந்த பெண்களுக்கு 50 சதவீதம் என்று ரயில்வே கொடுத்துவந்த சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அன்றிலிருந்து ரயிலில் யாருக்கும் வயதாவதில்லை.

இனி, விண்ணப்பத்தின் மையமான உடைமைகள் பற்றி. கோவில்பட்டி வட்டாரத்தின் பெயர் சொல்லும் சரக்குகள் மூன்று: பருத்தி, தீப்பெட்டி, கடலை மிட்டாய். பூங்காவில் தடுத்து நிறுத்தப்படுபவையும் இந்த மூன்றும்தான். ஓர் ஊரின் தொழில் விவரக் குறிப்பும் ஒரு பூங்காவின் தடைப் பட்டியலும் இவ்வளவு அச்சாகப் பொருந்துவதை வேறெங்கும் காண்பது அரிது.

தீப்பெட்டிக்கு வாதாட ஒன்றும் இல்லை. கூட்டம் கூடும் இடத்தில் நெருப்புக்கு வேலை கிடையாது. பதினான்கு வருடம் ஒரு ரூபாயாகவே இருந்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயான பொருள், பறிகொடுத்தாலும் தாங்கலாம்.

பருத்தி விஷயத்தில் சற்று மனத்தாங்கல் உண்டு. கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1901இல். மானாவாரிக் கரிசலுக்கு ஏற்ற கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்து வளர்த்த இடம் அது. அந்த மண்ணிலிருந்து வருகிற தாத்தாவிடம், வேட்டியைக் களைந்து நைலான் கால்சட்டை மாட்டினால்தான் அலைக்குளத்தில் இறங்கலாம் என்கிறார்கள். ஆனாலும் காரணம் நியாயமானது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், சறுக்கில் இழுபடும், அதன் நூலும் பிசிறும் வடிகட்டியை அடைக்கும். தாத்தா இதை ஏற்றுக் கரையிலேயே நின்றுவிடுகிறார். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகியவர், ஒரு கண்மாய்த் தண்ணீரை மோட்டார் வைத்து அலையாக அடிப்பதைப் பார்க்கிற பார்வைக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் என்று கொள்ளலாம்.

உயர அளவுகோல் மீதும் புகார் இல்லை. பங்குனியில் செண்பகவல்லி அம்மன் திருவிழா ராட்டினத்தில் அளவுகோல் கிடையாது. ராட்டினக்காரர் பிள்ளையை மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பார், “ஆச்சி மடியில உக்கார வைங்க” என்பார், முடிந்தது. தலைகீழாகச் சுழலும் வண்டியில் மடி உதவாது. தோளின் மேல் வந்து பூட்டும் கம்பியும் தொடையை அழுத்தும் கம்பியும் ஓர் அளவு உடம்புக்கென்று செய்தவை. அதைவிடக் குட்டையான பிள்ளை அடியால் நழுவிவிடும். பல பூங்காக்களில் பெரிய சவாரிகளுக்கு 140 சென்டிமீட்டர் என்று கோடு போட்டிருப்பது அதனால்தான். பேத்தி குதிகாலை உயர்த்திப் பார்ப்பாள். கோடு அசையாது. அசையவும் கூடாது.

எஞ்சியது கடலை மிட்டாய். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு காலத்தில் கருப்பட்டிப் பாகில் பிடித்தார்கள், பிறகு வெல்லத்துக்கு மாறினார்கள். பாகு பதத்தை இன்றும் தண்ணீரில்தான் பார்க்கிறார்கள்: ஒரு சொட்டை விட்டு உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதத்தில் தோல் நீக்கிய கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, சூட்டோடு கோடு கிழித்துவிடுவார்கள். ஆறியதும் கோட்டோடு ஒடியும். அப்படி ஒடித்ததில் ஒரு பாக்கெட்டை ஆச்சி பையின் அடியில், துண்டுக்கும் பேத்தியின் மாற்றுடுப்புக்கும் நடுவே வைத்து அனுப்புகிறார். அது தீப்பிடிக்காது, வடிகட்டியை அடைக்காது, கம்பிக்கு அடியால் நழுவாது. தடைக்குச் சுகாதாரம் என்று காரணம் சொல்லப்படுகிறது. தாண்டி உள்ளே போனால், வெளியில் விற்பதைவிடக் கூடுதல் விலையில் சோளப்பொரி விற்கும் கடை அந்தச் சுகாதாரத்துக்கு விளக்கவுரை எழுதிக்கொண்டிருக்கிறது.

இதில் நிர்வாகம் கவனிக்க வேண்டிய வரலாறு ஒன்றும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து கிரிஃபித் பூங்காவில் மகள்கள் இருவரும் குடை ராட்டினம் சுற்ற, வால்ட் டிஸ்னி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளும் பெற்றவர்களும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாக அவரே பேட்டியில் சொன்னார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் அதே பேட்டியில் இருக்கிறது: வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அன்று அந்தப் பூங்கா வாசலில் இன்றைய சோதனைப் பிரிவு இருந்திருந்தால் டிஸ்னிலேண்ட் பிறந்திருக்குமா என்பது ஆய்வுக்குரியது.

கோரிக்கை பெரிதல்ல. பேத்தி சவாரிக்கு வரிசையில் நிற்கிற முக்கால் மணி நேரமும், சுற்றி இறங்குகிற இரண்டு நிமிடமும், இரண்டு பை, பேத்தியின் செருப்பு, ஒரு மூக்குக் கண்ணாடியோடு தாத்தா உட்கார நிழலில் ஒரு பெஞ்சு வேண்டும். “ஏ தாத்தா, நான் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சா?” என்று பேத்தி ஓடிவரும்போது ஒடித்துக் கொடுக்கக் கையில் ஒரு துண்டு இருக்க வேண்டும்.

இணைப்பு: கோவில்பட்டிக் கடலை மிட்டாய் மாதிரி, ஒரு பாக்கெட். இவ்விண்ணப்பத்தை நேரில் கொடுக்க வந்தபோது வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளப்பட்டதால் இணைக்க இயலவில்லை.