பொத்தான் பண்டிதர்

ஒரு பொத்தானுக்கு முன்னால் நாம் இரண்டு விநாடி தயங்கி நின்றால் போதும். பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டவரைப்போல் எங்கிருந்தோ வந்து, நம்முடைய வலது தோளுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டு, தொண்டையை லேசாகக் கனைத்து, "அது இல்லை சார், அதுக்குப் பக்கத்திலே" என்று திருவாய் மலர்ந்தருளுகிற மகானுபாவர் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். எங்கள் தெருவில் இருப்பவருக்குப் 'பொத்தான் பண்டிதர்' என்று நான் மனத்துக்குள் பட்டம் சூட்டியிருக்கிறேன். நேரில் சொல்லுகிற தைரியம் எனக்கில்லை. சொன்னாலும் அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் சட்டைப் பையில் ஒரு பேனாவும் ஒரு டெஸ்டரும் இல்லாமல் அவர் வீட்டு வாசற்படி இறங்கியதில்லை. சன்மானம் எதுவும் எதிர்பார்ப்பவரல்லர். ஒரு டம்ளர் காபி, அதுவும் நாம் வற்புறுத்திய பிறகுதான். நம்முடைய செல்போனை அவர் வாங்குகிற விதமே தனி அழகு. "மேலே மூணு புள்ளி தெரியுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, நாம் அந்த மூன்று புள்ளிகளைக் கண்டுபிடிப்பதற்குள், ஆள்காட்டி விரலின் நகநுனியால் டக் டக்கென்று நாலைந்து இடங்களைத் தட்டி, காரியத்தை முடித்து, திரையை வேட்டித் தலைப்பால் துடைத்து, "அவ்வளவுதான் சார், ஒண்ணுமே இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்த 'ஒண்ணுமே இல்லை'யில்தான் இருக்கிறது சூட்சுமம். ஒன்றுமே இல்லாத ஒரு விஷயத்துக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டிய நம்முடைய புத்தியைப் பற்றி அந்த இரண்டு வார்த்தைகள் வெளியிடும் அபிப்பிராயத்தை, ஜன்ம விரோதி ஒருவன் நாள் முழுதும் வைதாலும் வெளியிட்டுவிட முடியாது. கற்றுக்கொடுப்பது அவருடைய நோக்கமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கற்றுக்கொண்டுவிட்டால் மறுநாள் நாம் அவரை எதற்காகக் கூப்பிடப் போகிறோம்?

தெருக்கோடியில் இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம்தான் பண்டிதருடைய மடம். அங்கே ஒரு லிஃப்டும் ஒரு ஏ.டி.எம்.மும் எதிரெதிரே அமைந்திருப்பதால், இரண்டு சந்நிதிக்கும் அவர் ஒருவரே அர்ச்சகராக இருக்க வசதியாயிருக்கிறது. மூன்றாம் மாடியிலுள்ள பல் வைத்தியரிடம் போக வந்த பாட்டி ஒருத்தி, லிஃப்ட் மேலே நிற்கிறதே, அதைக் கீழே வரவழைக்க வேண்டுமே என்று, நியாயமாகத்தான், கீழ்நோக்கிய அம்பை அழுத்துவாள். "பாட்டி! லிஃப்ட் எங்கே வரணும்னு அது கேக்கலை, நீங்க எங்கே போகணும்னு கேக்குது" என்று பண்டிதர் உபதேசம் செய்வார். அந்த அம்பைப் பார்த்தால் இரண்டு அர்த்தமும் தோன்றத்தான் செய்கிறது; சந்தேகத்துக்கு இரண்டு அம்பையும் அழுத்திவிட்டு நிற்கும் பெரும்பான்மையோரில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்ச் சந்நிதியில் விசேஷம் இன்னும் அதிகம். முன்பெல்லாம் அட்டையைச் செருகியவுடனே உருவிவிட வேண்டும். அப்படி உருவி உருவி ஜனங்களுடைய கை பழகிய சமயத்தில், அட்டையைக் காரியம் முடிகிற வரையில் கவ்விப் பிடித்துக்கொள்கிற புது யந்திரங்கள் வந்து சேர்ந்தன. பழைய வழக்கப்படி அட்டையை இழுப்பவர் ஒரு பக்கமும், விடமாட்டேன் என்று யந்திரம் மறுபக்கமுமாக நடக்கும் அந்தக் கயிறிழுப்புப் போட்டியில், "இழுக்காதீங்க சார், அதுவே விடும்" என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி மத்தியஸ்தம் செய்பவர் நம் பண்டிதர். தெருவில் தீர்க்காத வழக்கே அவருக்கு இல்லை. எங்கள் பின்போர்ஷன்காரருடைய குளியலறை விளக்கு காரணமின்றி அணைவதும் எரிவதுமாக இருப்பதைப் பற்றி மட்டும் அவர் இன்னும் தீர்ப்பு வழங்கவில்லை.

என் வீட்டில் அவருக்கு ஆதிக்கம் ஏற்பட்டதற்குக் கூடத்திலுள்ள சுவிட்ச் போர்டுதான் காரணம். ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து இரு போர்ஷன்களாக்கிய காலத்தில், எலெக்ட்ரீஷியன் எந்தக் கம்பி கைக்கு முதலில் அகப்பட்டதோ அதை முதல் சுவிட்சில் முடுக்கினான் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே முகஜாடையுடன் மேலே நான்கும் கீழே நான்குமாக எட்டு சுவிட்சுகள். வாசற்பக்கத்து விசிறியின் சுவிட்ச் கொல்லைப்பக்க ஓரத்தில். கொல்லைப்பக்கத்து டியூப் லைட்டின் சுவிட்ச் வாசற்பக்க ஓரத்தில். நடுவே ஜீரோ வாட் பல்பு. எட்டாவது சுவிட்ச் எதற்கென்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விருந்தாளி வந்து "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்ததும் நான் விசிறியைப் போட எழுந்தால், விளக்கு எரிந்து, அணைந்து, வேறொரு விளக்கு எரிந்து, அதுவும் அணைந்து, எட்டாவதும் தட்டுப்பட்டு, வந்தவர் ஏதோ தீபாராதனை நடக்கிறதென்று எழுந்து நிற்காத குறைதான். பண்டிதரோ என் வீட்டுப் போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், புறங்கையை நீட்டி, ஒரே தட்டில் விசிறியைச் சுழல விடுவார். சொந்த வீட்டில் ஒருவன் இதைக் காட்டிலும் சிறுமைப்பட முடியாது.

இந்த நிலையில்தான் டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 1988-இல் அன்றாடப் பொருள்களைப் பற்றி எழுதிய புஸ்தகம் என் கைக்கு வந்தது. கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவன் திகைத்தால் குற்றம் அவனுடையதன்று, கதவைச் செய்தவனுடையது. ஒரு கதவுக்குத் 'தள்ளு' என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டியிருப்பதே அதன் அமைப்பு தோற்றதற்கு அத்தாட்சி என்பது அவருடைய கட்சி. அறுபது வருஷமாக மூளையில்லாதவன் என்று நம்பவைக்கப்பட்ட ஒருவனுக்கு இதைக் காட்டிலும் இன்பமான சாஸ்திரம் வேறென்ன இருக்க முடியும்? அன்று மாலையே பண்டிதரை வரவழைத்து வாதத்தைத் தொடங்கினேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் நடந்த ஒரு சம்பவத்தையும் சாட்சிக்குக் கொண்டுவந்தேன். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விமானிகள் இறக்கையின் மடிப்பை மடக்குவதாக எண்ணிச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். விமானம் வயிற்றால் தரையைத் தேய்க்கும். அல்ஃபான்ஸ் சப்பானிஸ் என்ற மனோதத்துவ நிபுணர் போய்ப் பார்த்தபோது, அவ்விரண்டு சுவிட்சுகளும் என் வீட்டுச் சுவிட்சுகளைப்போலவே ஒரே ஜாடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கு உரியதன் முனையில் ஒரு சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மடிப்புக்கு உரியதில் ஆப்பு வடிவான ஒரு துண்டையும் அவர் பொருத்தச் சொன்னார். அந்த விபத்துகள் ஓய்ந்தன. இன்றைக்கும் விமானங்களில் சக்கரத்துக்கான பிடி சக்கர வடிவாகவே இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்ட பண்டிதர், "பழக்கமில்லாத ஆளுங்க சார். யுத்த அவசரத்திலே எடுத்திருப்பாங்க" என்றார்.

நான் விட்டேனா? கால்குலேட்டரில் 7, 8, 9 மேல்வரிசையில் இருக்கிறது. டெலிபோனில் 1, 2, 3 மேல்வரிசையில் இருக்கிறது. ஒரே விரல், அதே ஒன்பது எண்கள், இந்த முரண்பாட்டுக்கு என்ன சமாதானம் என்று மடக்கினேன். 1963-இல் பொத்தான் டெலிபோனை வெளியிடுவதற்கு முன் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் எண்களைப் பலவிதமாக அடுக்கி, மனிதர்களை அழுத்தச் சொல்லிச் சோதித்துப் பார்த்த சரித்திரத்தை விஸ்தரிக்க வாயெடுத்தேன். அதற்குள் பண்டிதர், "ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட் சார்" என்று சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷ சர்க்கார் அனுபவத்தில் விளைந்த பதில். அதற்குமேல் நான் பேசவில்லை.

ஆனால் மறுநாள் ஒரு காரியம் செய்தேன். பேரன் நாற்காலிமேல் ஏறி ஒவ்வொரு சுவிட்சாகப் போட, நான் கூடத்தின் நடுவில் நின்று எது எரிகிறது, எது சுழல்கிறது என்று குறித்துக்கொண்டு, வெள்ளைக் காகிதத்தைச் சிறு சிறு சீட்டாக நறுக்கி, 'விசிறி', 'டியூப் லைட்', 'வாசல் விளக்கு' என்று முத்து முத்தாக எழுதி ஒட்டினேன். எட்டாவதன்மேல் 'உபயோகமில்லை' என்று ஒரு சீட்டு. சாயங்காலம் பண்டிதர் வந்து அமர்ந்ததும், சாவதானமாக எழுந்து, ஒரே தட்டில் விசிறியைப் போட்டேன்.

பண்டிதர் எழுந்து போர்டின் அருகே போனார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்வெட்டுப் படிப்பதுபோல் எட்டுச் சீட்டையும் வரிசையாகப் படித்தார். "எழுதி ஒட்டற மாதிரி இருந்தாலே தப்புன்னு உங்க புஸ்தகக்காரர் சொன்னதா ஞாபகம்" என்று மிருதுவாகச் சொன்னார். இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாரே தவிரத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பிறகு, புறங்கையால், எட்டாவது சுவிட்சைத் தட்டினார்.

பின்போர்ஷன் குளியலறையிலிருந்து, தலையில் சீயக்காயும் கண்ணில் நுரையுமாக இருக்கும் ஒருவருடைய குரல், "ஐயோ, மறுபடியும் போச்சுடீ!" என்று அலறிற்று. பண்டிதர் சுவிட்சை மறுபடி தட்டினார். அலறல் நின்றது. இன்னொரு முறை தட்டினார், கேட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணுமே இல்லை சார்" என்றார். "காபிக்குச் சர்க்கரை அரை ஸ்பூன் போதும்னு மாமிகிட்டே சொல்லுங்க."